பதினைந்தாண்டு வண்டிக்கு ஏழாண்டுப் பொறுப்பா?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, பதினோராண்டாக எங்கள் குடும்பத்தைச் சுமந்துவரும் காரின் ஸ்டியரிங், ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் திடீரென்று கல்லாய்க் கனத்துவிட்டது. எதிரே மஞ்சள் விளக்கு எரிந்ததும், பின்னிருக்கையில் பேத்தியை அணைத்திருந்த என் மனைவி பேச்சற்று முன்சீட்டைப் பற்றிக்கொண்டதும், இரு கைகளாலும் முழுப் பலத்தோடு திருப்பி வண்டியை ஓரங்கட்டிய பிறகுதான் என் பிரக்ஞைக்கு வந்தன.

மறுநாள் கம்பெனி சர்வீஸில், "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், அசெம்பிளியை மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிப் பெருந்தொகை ஒன்றைக் கூறினார்கள். எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கோ, அடியில் படுத்து, ஸ்டியரிங்குக்கு மின்விசை தரும் ஒரு வயர் கனெக்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "தண்ணி இறங்குற இடத்துலயே இதை வச்சிருக்காங்க சார். இந்த மாடல்ல இது நாலாவது வண்டி" என்றார் அவர்.

அந்த நான்கு வண்டிக்காரர்களும் தனித்தனியே பணம் கட்டி, தனித்தனியே தம் விதியை நொந்துகொண்டவர்கள். கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் டயரும் தேய்வது இயற்கை. அவற்றை உரிய காலத்தில் மாற்றுவது உடைமையாளரின் கடமை. அதில் எனக்கு விவாதமில்லை. ஆனால் ஒரே மாடலில், ஒரே இடத்தில், ஒரே விதமாக நேரும் பழுதை மூப்பு என்று சொல்லித் தள்ளிவிடுவது நியாயமாகாது. அது பிறவிக் கோளாறு; வெளிப்படச் சில ஆண்டுகள் பிடித்தன, அவ்வளவே.

2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. போதிய எண்ணிக்கையில் உடைமையாளர்கள் புகார் செய்தால் அதுவே விசாரணைக்கு ஆதாரமாகும். வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்தப் பாதுகாப்பை வரையறுத்துவிட்டன. புதிய காருக்குப் பதினைந்தாண்டுப் பதிவு தருவதும், ஆயுட்கால வரியை முன்கூட்டியே வசூலிப்பதும் அரசாங்கமே. எஞ்சிய எட்டாண்டுகளில் ஒரு குடும்பம் ஆபத்தான குறையோடு பிரயாணம் செய்தால், அதற்குப் பொறுப்பாளி யார்?

முதுமையில்தான் உயிர் குடிக்கும் குறைகளும் உண்டு என்பதற்கு டகாட்டா காற்றுப்பைகளைக் காட்டிலும் கொடிய சாட்சி வேண்டியதில்லை. அந்த ஜப்பானிய நிறுவனம், பையை ஊதச்செய்யும் உலோகக் குப்பியில் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகளை வைத்தது. வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கத் தாக்க, பல ஆண்டுகளில் அவ்வில்லைகள் சிதைந்து, விபத்து நேரும் கணத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குப்பியையே வெடிக்கச் செய்தன. காக்க வேண்டிய பையிலிருந்து உலோகச் சில்லுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6.7 கோடிக் குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. ஃபுளோரிடா போன்ற வெம்மையும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களின் பழைய வண்டிகளுக்கே முதலிடம் தரப்பட்டது. 2017-இல் நிறுவனம் திவாலாயிற்று. கடற்காற்றும் கத்திரி வெயிலும் சேர்ந்து வாட்டும் சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெட்டவெளியில் நிற்கும் பழைய கார்களை எண்ணும்போது என் மனம் பதைக்கிறது.

அதே அமெரிக்காவில், இத்தகைய குறைகளை இலவசமாகச் சரிசெய்து தரவேண்டிய காலவரம்பைப் பத்தாண்டிலிருந்து பதினைந்தாண்டாக 2015-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்த்திற்று. நம் விதியையும் பதிவுக் காலத்துக்கு இணையாகப் பதினைந்தாண்டாக்க வேண்டும். பழைய காரை வைத்திருப்போர் பெரும்பாலும் புதியது வாங்க வசதியற்ற நடுத்தரக் குடும்பத்தார். மூன்றாம் கை, நான்காம் கையாக வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைப்போரும் அவர்களில் அடக்கம். அவர்களுடைய உயிர் மலிவானதன்று.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வண்டியில் பழுது கண்டால் பட்டறை ரசீதையும் மாற்றிய பாகத்தையும் பத்திரப்படுத்துங்கள், உற்பத்தியாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள், ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் காரின் காற்றுப்பை திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.