அச்ச இலக்கியமும் விமர்சகர் கடனும்

திகில் நாவல்களையும் மர்மக் கதைகளையும் திறனாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்துவது தமிழ் விமர்சகர் பலரிடம் வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. ‘மலினமான பொழுதுபோக்கு’ என்ற தொடரோடு அவர்களது தீர்ப்பு முடிந்துவிடுகின்றது. மறுபுறத்தில், இத்தகைய நூல்களை விரும்புவோர் எழுதும் மதிப்புரைகளோ கதைச்சுருக்கத்தைக் கூறி, ‘ஒரே மூச்சில் வாசிக்கலாம்’ என்ற சான்றிதழோடு நிறைவெய்துகின்றன. இவ்விரு சாராரும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். நூல் எதனைக் காட்டி வாசகனை அஞ்சச் செய்கின்றது, ஏன் அஞ்சச் செய்கின்றது என்ற வினாவை இருவருமே எழுப்புவதில்லை.

1818 இல் மேரி ஷெலியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ ஆசிரியர் பெயரின்றி 500 பிரதிகளாக வெளிவந்தது. ‘குவாட்டர்லி ரிவியூ’ ஏட்டில் ஜோன் வில்சன் குரோக்கர், ஒழுக்கப் படிப்பினை எதனையும் தராத நூலென அதனைப் புறந்தள்ளினார். அதே ஆண்டில் ‘பிளக்வூட்ஸ்’ சஞ்சிகையில் வோல்ற்றர் ஸ்கொட் எழுதிய மதிப்புரை வேறு வகையானது. நூலாசிரியர் கவிஞர் ஷெலியே எனப் பிழையாகக் கருதியபோதிலும், வியப்புக்காகவே அற்புதங்களை அடுக்கும் கதைகளையும், அசாதாரண நிலைமையில் மனித மனம் எவ்வாறு இயங்கும் என ஆராயும் கதைகளையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். குரோக்கரின் ஏளனம் நூலைப் பற்றி எதனையும் விளக்கவில்லை. ஸ்கொட்டின் பாகுபாடோ இன்றும் பயன்படுகின்றது.

அப்பாகுபாட்டை மேலும் ஒரு படி நகர்த்துதல் வேண்டும். அஞ்சப்படுபவனுக்குக் கதையில் குரல் உண்டா என்பதே கேட்கத்தக்க வினா. ஷெலியின் நாவலில், படைத்தவனாற் கைவிடப்பட்ட உருவம் நூலின் நடுப்பகுதியில் 1831 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஆறு அத்தியாயங்களுக்குத் தன் கதையைத் தானே கூறுகின்றது. அருவருப்புடன் அணுகிய வாசகன் அதன் நியாயத்தைச் செவிமடுக்க நேர்கின்றது. 1897 இல் வெளிவந்த பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராகுலா’ நாட்குறிப்புகள், கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றால் அமைந்தது. ஆயின், அவற்றைத் தொகுத்தோர் அவனை வேட்டையாடுவோரே. கிழக்கிலிருந்து லண்டனுக்கு வரும் அந்நியன் பேசுவதும் அவர்களின் ஏடுகளுக்கூடாகவே பதிவாகின்றது. அவன்மீது இரக்கங்கொள்ளுமாறு மீனா வேண்டுகின்றாள். ஆயினும் வேட்டை நிற்பதில்லை. இரண்டும் திகில் நாவல்களே. இரண்டும் வாசகனைப் பழக்குவது ஒரே அச்சத்திற்கன்று.

இவ்வகையில் வெளிவருவனவற்றுட் பெரும்பாலானவை வணிகச் சரக்குகளே என்ற மறுப்பு எழலாம். அது உண்மையே. ஆனால் சமூக நாவல் என்ற பெயரில் வருவனவற்றிலும் சரக்குகளுக்குக் குறைவில்லை. அதன் பொருட்டு எவரும் சமூக நாவலையே நிராகரிப்பதில்லை. மேலும், தமிழிற் சிறுகதையின் சிகரமெனப் போற்றப்படும் புதுமைப்பித்தனே ‘காஞ்சனை’யை எழுதினார், ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழாக்கினார். அவரைப் போற்றிக்கொண்டே அவர் மதித்துக் கையாண்ட வகையைத் தீண்டத்தகாததென ஒதுக்குவது முரண்பாடன்றி வேறென்ன?

அச்சம் புத்தகத்துடன் மூடப்பட்டுவிடும் உணர்ச்சியன்று. முகமற்ற ‘பூதம்’ ஒன்றைச் சுட்டிக்காட்டி, அதன் அழிவைக் கொண்டாடுமாறு மீண்டும் மீண்டும் பழக்கப்படுத்தப்படும் மனம், வீதியிலும் அத்தகைய பூதங்களைத் தேடத் தலைப்படும். அத்தகைய நூலை இனங்கண்டு கூறுவதும், பூதமெனப்பட்டவனின் குரலைக் கேட்கச் செய்யும் நூலை எடுத்துக்காட்டுவதும் விமர்சகனின் கடன். நூலைத் திறவாமலே தீர்ப்பளிப்பவனால் இவ்விரண்டும் இயலா. அவன் ஒதுக்கிவைத்த நூல்களைப் பல்லாயிரவர் துணையின்றி வாசித்துக்கொண்டேயிருப்பர். அவற்றிலிருந்து எதற்கு அஞ்சக் கற்றனர் என்பதை மட்டும் எவரும் அவர்களிடம் வினவியிருக்கமாட்டார்.