கத்தி வாங்குபவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர்

போன வாரம் வில்லியனூரில் ஓர் இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர் வெட்டுக்கத்தி கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று பட்டறையில் அடித்தது. கறுப்பாக, அழகில்லாமல் இருந்தது. மற்றது பளபளவென்று சிவப்பு பிளாஸ்டிக் பிடியோடு, பாதி விலை. அவர் பாதி விலைக் கத்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் சிரித்தபடி சொன்னார்: "நாமளா சார் வெட்டப் போறோம்? ஆளுங்கதானே வெட்டப் போறாங்க. இது போதும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டுமில்லை. இதே பேச்சை ஒரு காலத்தில் நானும் பேசியவன்தான்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பாகூர் பக்கத்தில் எங்கள் கொல்லையில் பலா, மா, தென்னை என்று எல்லாம் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, ஆள் கிடைப்பதும் அரிது. எப்படியோ இரண்டு பேரைப் பிடித்தேன். அவர்களுக்கென்று டவுனில் ஒரு கடையில் மலிவாக இரண்டு கத்தி வாங்கி வந்தேன். முதல் நாளே ஒருவர் சொன்னார்: "ஐயா, பிடி ஆடுது." ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் பலாக்கிளையில் ஓங்கிப் போட்டபோது பிடி கையில் நின்றது, கத்தி கழன்று கூட நின்றவர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஏழு தையல். ஊரெல்லாம் மரம் வெட்ட ஆள் தேடிய அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். ஒரு மாதக் கூலியைக் கொடுத்தேனா என்றால், முழுதாகக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அந்தக் கத்தியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பிடிக்குள் போன காம்பு இரண்டே அங்குலம். ஏதோ பசையை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். ஆணியும் இல்லை, பூணும் இல்லை. வாங்கும்போதே இதைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ஏனென்றால் அதைப் பிடிக்கப்போவது என் கை இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். கத்தி வாங்கும்போது முதலில் பிடியைப் பாருங்கள். காம்பு பிடி முழுக்கப் போய் அடியில் வெளியே வந்து மடக்கி அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்கே ஆணியாவது அறைந்திருக்க வேண்டும். வாய்ப்பக்கம் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். காம்பும் கத்தியும் சேரும் இடத்தில் வெல்டிங் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், முறிவது அங்கேதான்.

அடுத்தது இரும்பு. நம் பட்டறைகளில் நல்ல கத்தி பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிக்கிறார்கள். அதில் கரிச்சத்து ஏறக்குறைய 0.6 சதவீதம். அதனால் பதம் ஏறும். சாதாரண இரும்பில் 0.2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், என்ன செய்தாலும் வாய் மடங்கும். பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, வாயை மட்டும் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மிச்சச் சூட்டில் மஞ்சள், பழுப்பு, நீலம் என்று நிறம் ஓடுவதைப் பார்த்து நிறுத்துவதுதான் கொல்லரின் கைத்திறமை. நிறுத்தாமல் விட்டால் வாய் மெத்தென்று ஆகிவிடும். சரியாக ஆறாமல் கடினமாகவே நின்றால் முடிச்சில் பட்டதும் பல் விழும். அந்தத் தெறிக்கும் துண்டு கண்ணுக்குப் போகும்.

சோதிக்க ஓர் அரம் போதும். வாய்ப்பக்கம் அரம் சிரமப்பட்டுப் பிடிக்க வேண்டும், முதுகில் எளிதாகப் பிடிக்க வேண்டும். இரண்டு விரலில் தொங்கவிட்டுச் சாவியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொட்டையாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். வாங்கிய பிறகு மெஷின் சாணையில் வாய் நீலமாகும்வரை தேய்க்கக் கொடுத்தால் அத்தனை பதமும் போய்விடும்.

"இப்போதுதான் மிஷின் ரம்பம் வந்துவிட்டதே" என்பார்கள். அடிமரத்துக்குச் சரி. கிளை கழிக்க, வேலி முள் வெட்ட, தென்னை மட்டை இறக்க, கரும்பு வெட்ட இன்னும் கத்திதான்.

"ஆளுங்களே கத்தி கொண்டு வருவாங்க" என்பது இன்னொரு பேச்சு. கொண்டு வரட்டும். ஆனால் அதை அவர்கள் தங்கள் கூலியில் வாங்குகிறார்கள் என்பதை நினைத்துக் கூலி பேசுங்கள்.

"பட்டறை எங்கே சார் இருக்கு?" என்பவர்களுக்கும் பதில் உண்டு. குறைந்துதான் போயிற்று. பாதி விலைக்குக் கேட்டுக் கேட்டு நாமே குறைத்தோம். கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் சேதராப்பட்டு, திருபுவனை கம்பெனிகளுக்குப் போனார்கள் என்றால் யார் மேல் தப்பு? மிச்சமிருக்கும் பட்டறை எதுவென்று தெரிய வேண்டுமா? உங்கள் தென்னை ஏறுபவரைக் கேளுங்கள். உயரத்தில் ஒற்றைக் கையால் வெட்டுபவர் மட்டமான கத்தியை இடுப்பில் செருக மாட்டார்.

தானேவுக்குப் பிறகு அப்படிக் கேட்டுத்தான் பட்டறையில் இரண்டு கத்தி அடித்து வாங்கினேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்து போனபின் சாய்ந்ததையெல்லாம் வெட்டியது அவைதான். இன்னும் பிடி ஆடவில்லை.

கத்தி வாங்கப் போகும் நண்பர்களே, ஒன்றே ஒன்று செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் மகன் அதை ஓங்குவதாகவும், பக்கத்தில் நீங்கள் நிற்பதாகவும் நினைத்துப் பாருங்கள். அப்போதும் பாதி விலைதான் கண்ணில் படுகிறதென்றால், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெட்டும் வேலையை நீங்களே செய்யுங்கள்.