குஸ்மானைப் பிடித்தது யார்?

ஆல்பர்டோ ஃபுஜிமோரி 2024 செப்டம்பர் 11 அன்று இறந்தபோது பெரு அரசு மூன்று நாள் தேசியத் துக்கம் அறிவித்தது. கொலை வழக்கில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றவருக்கு முன்னாள் அதிபருக்குரிய அத்தனை மரியாதையும் நடந்தது. லட்சக்கணக்கான பெரு மக்கள் அதைச் சரி என்றே கருதினார்கள். “தப்புகள் நடந்திருக்கலாம், ஆனால் நாடாளுமன்றத்தைக் கலைத்து, கையில் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டதால்தான் அவரால் பயங்கரவாதத்தை ஒழிக்க முடிந்தது” என்ற நம்பிக்கை அங்கே அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அது நிற்காது.

பயங்கரவாதம் உண்மையானது, அதில் சந்தேகமே வேண்டாம். அபிமாயேல் குஸ்மான் தலைமையில் ‘ஒளிரும் பாதை’ இயக்கம் 1980-ல் ஆயுதம் எடுத்தது. 1983-ல் லூகானமார்கா என்ற மலைக் கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் குழந்தைகள் உட்பட 69 பேரை வெட்டியும் சுட்டும் கொன்றது. அந்த உள்நாட்டுப் போரில் இறந்தோர் 69,000 பேருக்கும் மேல் என்று உண்மை அறியும் ஆணையம் 2003-ல் மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேற்பட்ட பழியை இந்த இயக்கத்தின் மேல்தான் ஆணையம் சுமத்தியது. பலியானவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழி பேசியவர்கள். இந்தக் கொலைகாரர்கள் மேல் எனக்கு எள்ளளவும் பரிவு கிடையாது. அவர்களை வீழ்த்தியது யார் என்பதுதான் கேள்வி.

1992 ஏப்ரல் 5. ஃபுஜிமோரி ராணுவத்தின் துணையோடு நாடாளுமன்றத்தை மூடினார், நீதித்துறையைக் கலைத்துப் போட்டார். பயங்கரவாதத்தோடு போராட இவை தடையாக இருக்கின்றன என்பது அவர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. மூன்றே மாதத்தில், ஜூலை 16 அன்று, தலைநகர் லிமாவின் வசதியான பகுதியான மிராஃப்ளோரெஸில் தராத்தா தெருவில் ஒளிரும் பாதை வைத்த குண்டு வெடித்து 25 பேர் இறந்தார்கள். முழு அதிகாரம் அதைத் தடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து லா கந்தூத்தா பல்கலைக்கழக விடுதிக்குள் புகுந்த ராணுவத்தின் ரகசியக் கொலைப்படை ஒன்பது மாணவர்களையும் ஒரு பேராசிரியரையும் இழுத்துப் போய்ச் சுட்டுப் புதைத்தது. ‘கொலினா குழு’ என்ற அதே படைதான் முந்தைய ஆண்டு பாரியோஸ் ஆல்டோஸில் ஒரு விருந்தில் புகுந்து, எட்டு வயதுச் சிறுவன் உட்பட 15 பேரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களுக்கும் ஒளிரும் பாதைக்கும் தொடர்பில்லை என்று, இந்தக் கொலைகளுக்காக ஃபுஜிமோரியைத் தண்டித்த நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பிலேயே எழுதியது.

குஸ்மானைப் பிடித்த வேலை முற்றிலும் வேறு இடத்தில், வேறு விதமாக நடந்தது. ஃபுஜிமோரி பதவியேற்றது 1990 ஜூலை 28. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், அலன் கார்சியா ஆட்சியில், காவல்துறை அதிகாரி பெனெடிக்டோ ஹிமேனெஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஒரு உளவுப் பிரிவைத் தொடங்கினார். அதன் பெயர் கெய்ன். அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவது அவர்கள் வழியல்ல. சந்தேகப்பட்ட ஒருவரைப் பின்தொடர்ந்தார்கள். அவர் சந்தித்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். உடனே கைது செய்யாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1991 தொடக்கத்தில் ஒரு வீட்டுச் சோதனையில், குஸ்மான் தோழர்களோடு குடித்துவிட்டு நடனமாடும் காணொளிக் காட்சி சிக்கியது. பிறகு லிமாவின் சுர்கீயோ பகுதியில் நடனப் பள்ளி நடந்த ஒரு வீட்டைக் கண்காணித்தார்கள். குப்பை அள்ளுபவர்களாக வேடமிட்டு அந்த வீட்டுக் குப்பையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே வின்ஸ்டன் சிகரெட் துண்டுகள், சொரியாசிஸ் மருந்துக் குழாய்கள். குஸ்மான் புகைத்தது வின்ஸ்டன். அவருக்கு இருந்த தோல்நோய் சொரியாசிஸ். 1992 செப்டம்பர் 12 இரவு கதவைத் திறந்து அவரை உயிரோடு பிடித்தார்கள்.

அந்த இரவில் ஃபுஜிமோரி தலைநகரிலேயே இல்லை. மீன்பிடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்து, குஸ்மானுக்குக் கோடுபோட்ட கைதி உடை மாட்டிக் கூண்டில் நிறுத்தி உலகப் பத்திரிகைகளுக்குக் காட்டியதுதான் அவர் அரசு செய்தது. அந்தக் கூண்டுக் காட்சிதான் மக்கள் நினைவில் பதிந்துவிட்டது. குப்பையைக் கிளறிய காவலர்கள் மறக்கப்பட்டார்கள். இந்த அநியாயம்தான் என்னை எழுத வைக்கிறது.

மலைக் கிராம விவசாயிகளின் காவல் படைகளுக்கு அவர் அரசு துப்பாக்கி கொடுத்தது, அது உதவியது, மறுக்க மாட்டேன். ஆனால் தங்கள் கிராமங்களைக் காக்க அந்த மக்கள் திரண்டது அவர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே. 1990-ல் 7,000 சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கம் அவர் காலத்தில் அடங்கியதும் உண்மை. அதற்கு நாடாளுமன்றத்தை மூட வேண்டியிருக்கவில்லை. விலைகளை ஒரே நாளில் தூக்கிய அதிரடித் திட்டம் வந்தது 1990 ஆகஸ்டில். அப்படிச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கேட்டுத்தான் அவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற வர்கஸ் யோசாவைத் தோற்கடித்திருந்தார்.

அந்த முழு அதிகாரம் கொடுத்தவை வேறு. முகம் மறைத்த நீதிபதிகள் தீர்ப்பளித்த வழக்குகளில் சிறைப்பட்ட நூற்றுக்கணக்கான அப்பாவிகளை விடுவிக்க, 1996-ல் அவர் அரசே ஒரு குழுவை அமைக்க நேர்ந்தது. குஸ்மானுக்கு ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனையும் நிலைக்கவில்லை. ஜனநாயகம் திரும்பியபின் சிவில் நீதிமன்றம் முறைப்படி மறுபடி விசாரித்து 2006-ல் கொடுத்த ஆயுள் தண்டனைதான், 2021-ல் அவர் சிறையில் இறக்கும்வரை நின்றது. 1996-க்கும் 2000-க்கும் இடையே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் ஆயிரக்கணக்கான ஏழைப் பூர்வகுடிப் பெண்கள் கட்டாயப்படுத்தப்பட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். உளவுத்துறையை ஆட்டிவைத்த மொன்டெசினோஸ், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கு 15,000 டாலர் எண்ணிக் கொடுக்கும் காட்சி 2000 செப்டம்பரில் தொலைக்காட்சியில் ஓடியது. நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானிலிருந்து தொலைநகலில் ராஜினாமா அனுப்பினார்.

பழைய கதைதானே என்று விட முடியவில்லை. 2025 ஆகஸ்டில் பெரு அரசு, 1980 முதல் 2000 வரை பயங்கரவாத எதிர்ப்பின் பெயரால் குற்றம் செய்த ராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொன்றவர்கள்தான் நாட்டைக் காப்பாற்றினார்கள் என்று நம்பினால்தான் இப்படி ஒரு சட்டத்தை நியாயப்படுத்த முடியும். குஸ்மானைப் பிடித்ததற்காக அந்தக் காவலர்களுக்கு எந்த மன்னிப்பும் தேவைப்படவில்லை.