கூர் வேறு, பதம் வேறு

கடைத்தெருவில் மடக்குக் கத்தி வாங்குவோர் செய்யும் சோதனைகள் இரண்டே. கட்டை விரலால் அலகைத் தடவிப் பார்ப்பார்கள். அல்லது காகிதத்தைக் கீறிப் பார்ப்பார்கள். காகிதம் சர்ரென்று கிழிந்தால் ‘நல்ல இரும்பு’ என்று தீர்ப்பாகிவிடும். இத்தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். காகிதம் கிழிவது சாணை பிடித்தவரின் கைத்திறனுக்குச் சான்று. எஃகின் தரத்துக்கு அன்று. தகரத் துண்டைத் தீட்டினாலும் காகிதம் கிழியும். எத்தனை வெட்டுக்குப் பின்னும் அக்கூர் நிற்கிறது என்பதல்லவா கேள்வி?

கூர், தீட்டுவதால் வருவது. அது நிலைப்பது எஃகில் கலந்துள்ள கார்பனாலும், காய்ச்சித் தோய்த்த பக்குவத்தாலும். செக்கச் சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் எளிதில் உடையும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டினால்தான் உறுதி பெறும். வாட்டம் மிகுந்தால் விளிம்பு மடங்கும். குறைந்தால் பல் பல்லாகச் சிதறும். இந்த நடுநிலைதான் பதம். 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகுக்கும் இது பொருந்தும். அதிலுள்ள குரோமியம் துருவைத் தடுக்கும். தவறிய பதத்தைச் சரி செய்யாது. பளபளப்பைக் கண்டு பணம் கொடுப்போர் இதை எண்ணுவதில்லை.

கூர் நிற்கும் திறனை அளக்க ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் பன்னாட்டுத் தரவிதி உண்டு. சிலிக்கா கலந்த அட்டையைக் கத்தி முன்னும் பின்னுமாக 60 சுற்று அறுக்க வேண்டும். முதல் 3 சுற்றில் அறுபட்ட ஆழம் கூரைச் சொல்லும். 60 சுற்றின் மொத்தம் அது நிலைப்பதைச் சொல்லும். இரண்டுக்கும் தனித்தனி எண்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் வாழைக்காய் மண்டியில் நாளெல்லாம் கயிறு அறுப்பவர். கத்தி மழுங்கினால் வேலை நிற்கும். சாணைக்காரருக்குக் கொடுக்கும் காசும் கூலியில்தான் கழியும். சென்ற விடுமுறையில் அவருடைய இரு கத்திகளையும் எடுத்துக்கொண்டேன். ஒன்று கடையில் வாங்கியது. மற்றொன்று லாரி வில்பட்டையில் ஊர்க் கொல்லர் அடித்தது. ஒரே கல்லில், ஒரே சாய்வில் தீட்டினேன். அலகை மேல்நோக்கி இறுக்கி, அதன் குறுக்கே தையல் நூலைப் போட்டு, இரு நுனியிலும் டப்பா தொங்கவிட்டு, நூல் அறும்வரை இரண்டிலும் சிறிது சிறிதாக மணல் இட்டேன். அறுந்ததும் மணலை நிறுத்தேன். பிறகு ஐம்பது முறை தேங்காய் நார்க் கயிற்றை அறுத்துவிட்டு மறுபடி நூல், மறுபடி மணல்.

தொடக்கத்தில் கடைக் கத்திக்கே குறைந்த மணல் போதுமாயிருந்தது. இருநூறு வெட்டுக்குப் பின் நிலைமை தலைகீழ். அதற்காகக் கொல்லர் கத்தியெல்லாம் உயர்ந்தது என்று முழங்க மாட்டேன். இரண்டே கத்திகள் சாட்சியாகா. நூலும் ஒரே சீராக இராது. ஒவ்வொரு நிலையிலும் பலமுறை அறுத்துச் சராசரி காண வேண்டும்.

அதற்குத்தான் நம் ஆய்வகத்தைக் கேட்கிறேன். சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காண்கிறோம். விடை என்ன வரவேண்டும் என்பது பழைய பதிவேட்டிலேயே இருக்கிறது. (நம்மில் சிலர் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்!) விடை எவருக்கும் முன்கூட்டித் தெரியாத ஒரு சோதனைக்கு ஆசிரியப் பெருமக்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கக் கூடாதா? தராசு இருக்கிறது, நூலுக்கும் மணலுக்கும் பெருஞ்செலவில்லை. கத்திகளை மண்டித் தொழிலாளர்களிடம் நான் வாங்கி வருகிறேன். விடியுமுன் திருப்பித் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.