மண்வள அட்டையில் இல்லாத ஒரு வரி

‘அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு’ என்னும் பழமொழியைத் தம் கட்டுரையில் எடுத்தாளாத மாணவர் அரியர். அப்பழமொழி உண்மையின் ஒரு பாதியையே கூறுகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து முதற்குறளோ, மிகுதியைப் போலவே குறைவும் நோய்க்குக் காரணமாகும் என்கிறது. இவ்விரண்டு பாதிகளுக்கும் ஒருசேரச் சான்றாகும் தனிமம் ஒன்று மண்ணில் உண்டு. அது செலினியம். 1817ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார்.

செலினியம் வேதியியல் பண்பில் கந்தகத்தை ஒத்தது. வேர்கள் கந்தகத்தைச் சல்பேட் வடிவில் உறிஞ்சுகின்றன. செலினேட்டும் அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது. பின்னர்க் கந்தகம் இருக்கவேண்டிய அமினோ அமிலங்களில் செலினியம் இடம்பிடிக்க, அவற்றாலான புரதங்கள் பழுதுபடுகின்றன. பயிர்களுக்குச் செலினியம் இன்றியமையாதது என இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. மனிதர்க்கும் கால்நடைக்கும் அது சிறிதளவு வேண்டும். பயிர் அதனை நமக்காகச் சுமந்து வருகிறது என்று கூறுவது கவிதையாகலாம். மண்ணில் உள்ளதற்கேற்பவே அது சுமக்கிறது என்பதே அறிவியல்.

பஞ்சாபில் நிகழ்ந்ததைக் காண்போம். சிவாலிக் மலையடிவாரத்தை ஒட்டிய ஹோசியார்பூர், நவான்ஷகர் மாவட்டங்களின் சில சிற்றூர்களில் கால்நடைகள் மயிர் உதிர்ந்து, குளம்பு வெடித்து, நடக்கவியலாமல் நொண்டின. மக்களுள் சிலர்க்கு நகங்கள் சிதைந்தன. சில வயல்களில் கோதுமை இலைகள் பனிபோல் வெளுத்தன. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, இவற்றுக்குக் காரணம் செலினியமே எனக் காட்டினர். மலையிலிருந்து மழைவெள்ளம் அடித்துவந்த வண்டலில் அது செறிந்திருந்தது. நிலத்தடி நீரிலும் கலந்திருந்தமையால், நெல்லுக்குப் பாய்ச்சிய நீரும் மேலும் மேலும் அதனைக் கொணர்ந்து சேர்த்தது. வயலுக்கு நீர் பாய்ச்சியதும் மாட்டுக்கு வைக்கோல் இட்டதும் அன்றி அவ்வுழவர் செய்த குற்றம் யாது? ஜிப்சம் இட்டால் பயிர் ஏற்கும் செலினியம் குறையும் என்பதையும் அவ்வாய்வுகள் காட்டின. அதிலுள்ள சல்பேட், வேரின் வாயிலில் செலினேட்டோடு போட்டியிட்டு அதனைத் தடுக்கிறது.

இயற்கையில் இந்நஞ்சையே காவலாகக் கொண்ட செடிகளும் உள. மேற்கு அமெரிக்காவில் வளரும் ஸ்டான்லியா என்னும் செடி, உலர்ந்த எடையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கும் மேலாகச் செலினியத்தைத் திரட்டவல்லது. புழுக்கள் பலவும் அதனை அண்டுவதில்லை. ஆயினும், கோலார்ப் பகுதி முட்டைக்கோசு உழவர்கள் நன்கறிந்த வைரமுதுகு அந்துப்பூச்சியின் ஒரு வகை, அங்கே அந்நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது. அப்பூச்சியின் புழுவைப் பற்றி வாழும் குளவியும் உடன் பழகிவிட்டது! ஒரு செடியின் வேர் எடுத்த பொருள் எத்தனை உயிர்களைத் தொடர்கிறது, பாருங்கள்.

குறைவின் கேட்டினைச் சீனம் கண்டது. அந்நாட்டின் கேஷான் வட்டாரத்தில் 1935இல் இதயத்தசையைத் தாக்கும் நோய் பரவியது. செலினியம் குன்றிய மண்ணின் விளைச்சலை உண்டதோடு அதற்குத் தொடர்புண்டு எனப் பின்னாளில் அறியப்பட்டது. அதே சீனத்தின் என்ஷியிலோ, 1960களில் செலினியம் மிகுந்து மக்கள் முடியையும் நகங்களையும் இழந்தனர். பின்லாந்து 1980களின் இடைப்பகுதியில் உரத்திலேயே செலினியம் கலக்கத் தொடங்கிப் பயன் கண்டது. நாமும் அவ்வாறே செய்யலாம் என்பார் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. நாடு முழுமைக்கும் ஒரே உரம் என்றால், ஹோசியார்பூரில் அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

பெங்களூரு மருந்துக்கடைகளில் செலினியம் சேர்ந்த சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமலே வாங்குவோரையும் இங்கு நினைக்க வேண்டும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்றும், 400ஐத் தாண்டலாகாது என்றும் அமெரிக்க அறிஞர் குழு வரையறுத்துள்ளது. இடைவெளி எட்டு மடங்குகூட இல்லை.

2015இல் நடுவண் அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் நல்ல திட்டமே. தழைச்சத்து முதல் போரான் வரை 12 கூறுகள் அதில் அளக்கப்படுகின்றன. செலினியம் அவற்றுள் இல்லை. ஊர்தோறும் இதனைச் சோதிக்கப் பெருஞ்செலவாகும் என்பது ஞாயமான தடையே. ஆதலின் எல்லா ஊர்களுக்கும் கேட்கவில்லை. கேடு வெளிப்பட்டுவிட்ட அவ்விரு மாவட்டங்களின் அட்டைகளில் முதலில் 13ஆம் வரி ஒன்று சேரட்டும். மலைவண்டல் படிந்த பிற அடிவாரங்களை அடுத்து ஆராயலாம்.