88 நாள் கணக்கை எழுதுவது யார்?

பினாங்கில் படிக்கும் எங்களிடையே இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு ஆஸ்திரேலியா. பட்டம் வாங்கியதும் ஓராண்டு அங்கே வேலை செய்து, ஊரையும் சுற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. மலேசியர்களுக்கு அதற்கான வழி, 462 என்ற எண் கொண்ட வேலை விடுமுறை விசா. வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும்; பல்கலைக்கழகத்தில் குறைந்தது ஈராண்டுப் படிப்பையாவது முடித்திருக்க வேண்டும்.

முதல் விசா 12 மாதங்களுக்கு. இரண்டாம் ஆண்டும் வேண்டுமென்றால், அந்நாட்டு அரசு குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்ட பகுதியில் மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். இதைத்தான் ‘88 நாள்’ என்கிறார்கள். மூன்றாம் ஆண்டுக்கு ஆறு மாதம்.

நகரத்துக்கு வெளியே எந்த வேலை செய்தாலும் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. சிட்னி உணவகத்தில் பரிமாறினால் கணக்கில் வராது. வடக்கே டார்வினில் அதே வேலை செய்தால் வரும். ஐரோப்பியர் பலர் வைத்திருக்கும் 417 விசாவுக்குச் செல்லும் சுரங்க வேலை, நம் பட்டியலில் இல்லை. சம்பளம் இல்லாமல், சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் மட்டும் உழைத்த நாள்கள் 2015 டிசம்பர் முதல் செல்லாது. ஆகவே ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பாமல், வேலையின் வகையையும் அந்த இடத்தின் அஞ்சல் குறியீட்டையும் ஆஸ்திரேலிய உள்துறையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பையைத் தூக்க வேண்டும்.

ஆனால் என் கவலை பட்டியலோடு முடியவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். கிராணி செக்ரோலில் பேர் எழுதினால்தான் அன்றைய உழைப்பு உழைப்பு. கணக்கு எழுதும் கை யாருடையதோ, அவரை எதிர்த்துப் பேசுவது எளிதல்ல. 88 நாளிலும் அதே சிக்கல்தான். சம்பளச் சீட்டு தர வேண்டியவர் முதலாளி. அது இல்லாவிட்டால் விசாவுக்கு ஆதாரம் காட்டுவது கடினம். 80ஆவது நாளில் கூலியைக் குறைத்தால், எத்தனை பேர் துணிந்து கேட்பார்கள்?

இது வெறும் கற்பனை அல்ல. ஆஸ்திரேலியாவின் வேலையிட நியாய ஆணையம் அறுவடைத் துறையில் 638 நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை தொழிலாளர் சட்டத்தை மீறியிருந்தன.

பிரிட்டன் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 2024 ஜூலை 1 முதல் இந்த நிபந்தனையே கிடையாது. பண்ணைப் பக்கம் போகாமலே மூன்று ஆண்டும் தங்கலாம். வர்த்தக ஒப்பந்தம் பேசியபோது அவர்கள் அரசு கேட்டது, கிடைத்தது. நம் அரசும் நமக்காகக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆள் வேண்டுமென்றால், மாணவர் அமைப்புகளாகிய நாமே முதல் கடிதத்தை எழுதலாம்.

அதுவரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை செய்த நாளையும் நேரத்தையும் அன்றன்றே நீங்களே குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். கிலோ கணக்கில் பழம் பறித்தாலும், 2022 ஏப்ரல் முதல் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி உங்களுக்கு உறுதி. விசா எதுவானாலும் அந்த ஆணையத்திடம் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. விமானம் ஏறும் முன்பே இதைத் தெரிந்து வைத்திருங்கள்.