உயிரின் விலையும் கணக்கின் சாதியும்: மருந்துப் பொருளாதாரப் பயிற்சியை எப்படி மதிப்பிடுவது?

ஒரு புதிய மருந்தை அரசு இலவசமாக வழங்க வேண்டுமா, ஒரு சிகிச்சையைக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கலாமா என்பன போன்ற முடிவுகளை மருத்துவர்கள் மட்டும் எடுப்பதில்லை. ஆகும் செலவையும் கிடைக்கும் உடல்நலத்தையும் எடைபோடும் மருந்துப் பொருளாதாரவியலுக்கு அவற்றில் பங்கு கூடிவருகிறது. ஒன்றிய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2017இல் தொடங்கிய சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இப்பணியைச் செய்கிறது. 2008இல் அறிமுகமான ஆறாண்டு ஃபார்ம் டி படிப்பில் ஐந்தாம் ஆண்டில் இது ஒரு பாடம். பணியில் இருப்போருக்கான சான்றிதழ்ப் பயிற்சிகளும் நடக்கின்றன. இப்பயிற்சிகள் தரமானவையா என்பதை எந்த அளவுகோலால் முடிவுசெய்வது?

பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகள் இன்றும் பயன்படுகின்றன: பங்கேற்றவர் நிறைவடைந்தாரா, கற்றுக்கொண்டாரா, பணியில் அதைப் பயன்படுத்தினாரா, அதனால் பலன் விளைந்ததா. முதல் இரண்டையும் கடைசி நாளில் ஒரு படிவமும் ஒரு தேர்வும் அளந்துவிடும். மதிப்பீடு அங்கேயே நின்றுவிடுவது எளிது. ஆனால், பொதுப்பணத்தைப் பங்கிடும் கணக்கைக் கற்பிக்கும் துறைக்கு நான்காம் படியே உண்மையான தேர்வு. அதிலும், பலன் யாருக்கு விளைந்தது என்ற கேள்வியே முதன்மையானது.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்பிக்காத பயிற்சி, சாதியை அறியாமலேயே சாதியைக் கணக்கில் ஏற்றிவிடும். நோயால் ஏற்படும் இழப்பை, இழந்த வருவாயைக் கொண்டு அளக்கும் மனித மூலதன முறையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 ரூபாய் பெறும் தூய்மைப் பணியாளரும் 4,000 ரூபாய் பெறும் அதிகாரியும் ஒரே நோயால் பத்து நாள் படுத்திருந்தால், ஒருவரின் இழப்பு 4,000 ரூபாய். மற்றவருடையது 40,000 ரூபாய். சாதி நிர்ணயித்த கூலியே உடலின் மதிப்பாகிவிடுகிறது. இதற்கு மாறாக, கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோதும், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியபோதும், இறந்தவரின் தினக்கூலி அளவுகோலாக வைக்கப்படவில்லை.

கூலியைத் தவிர்த்து உடல்நலத்தையே அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. முழுநலத்துடன் வாழும் ஓர் ஆண்டை 1 எனக் கொள்ளும் ‘குவாலி’ என்ற அலகுக்கு, நடமாட்டம், வலி, அன்றாட வேலை, மனக்கவலை குறித்து மக்கள் தரும் பதில்கள் அடிப்படையாகின்றன. நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தில் தம்மை நோயாளி என்று கூறுவோர் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு என்று அமர்த்தியா சென் 2002இல் எழுதினார். மருத்துவமும் கல்வியும் எட்டாத இடத்தில் நோய் இயல்பாகத் தோன்றும். விடுப்பெடுத்தால் கூலி இல்லை என்ற நிலையில் இருப்பவர், ‘அன்றாட வேலையில் சிரமம் இல்லை’ என்று சொல்வதை நலத்தின் சான்றாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது சிக்கல் சராசரி. இந்தியாவில் தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிட்டது. நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே சராசரியில் அடக்கும் ஆய்வில் இந்த இடைவெளி மறைந்துபோகும். நகர மருத்துவமனையை அடையக்கூடியவர்களுக்கு மட்டும் உதவும் சிகிச்சைகூட, அங்கே சிக்கனமானதாகத் தோன்றலாம்.

இதனால் கணக்கையே நிராகரிக்க வேண்டியதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் செல்வாக்குள்ளவர் கேட்டதே கிடைக்கும். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற அம்பேத்கரின் வழிவந்தோருக்குக் கணக்கு அந்நியமானதன்று. பலன்கள் எந்தப் பிரிவினரைச் சென்றடைகின்றன என்பதைத் தனித்தனியே காட்டும் பகிர்வுசார் ஆய்வுமுறையை யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்துள்ளனர். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு பட்டியல் சாதி, பழங்குடி விவரங்களைத் திரட்டுகிறது. எனவே தரவு இல்லை என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது.

ஆகவே, இத்தகைய பயிற்சி ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும். ஒரு சிகிச்சையின் பலனைச் சாதி, பாலினம், வாழிடம் வாரியாகப் பிரித்துக் காட்டும்படி தேர்வில் கேட்கப்படுகிறதா? கட்டணமும் சேர்க்கை விதிகளும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை வகுப்பறைக்குள் விடுகின்றனவா? பயிற்சி முடித்து ஓராண்டு கழித்து, அவர்கள் எழுதும் அறிக்கைகளில் அந்தப் பகுப்பு இடம்பெறுகிறதா?

முதலிரண்டுக்கான விடைகளைப் பயிற்சி நிறுவனங்களும், மூன்றாவதற்கான விடையை அந்த அறிக்கைகளைப் பயன்படுத்தும் அரசும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மருந்து யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கை, மருந்து கிடைக்காதவர்களும் சரிபார்க்க முடிய வேண்டும்.